நடிகர் படத்தை ஒட்டி ஓவியம் செய்தால் வழக்கு வருமா?

மதுரைப் புறநகரில் வசிக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. கணவர் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். சென்ற ஆண்டு அவருடைய அப்பா காலமானார். காரியமெல்லாம் முடிந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு சினிமா ரசிகரின் நாற்பது வருட வாழ்க்கை இருந்ததாம். பாட்டுப் புத்தகங்கள், புதுப்பட நோட்டீஸ்கள், பத்திரிகைகளிலிருந்து வெட்டிய நடிகர் நடிகையர் படங்கள், சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள், பஸ் டிக்கெட்டுகள். ஒவ்வொரு பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையிலும் எந்தத் தியேட்டரில், எந்தத் தேதியில், யாரோடு போய் அந்தப் படத்தைப் பார்த்தார் என்று அப்பா பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார்.

அதுவரை தூரிகையைத் தொட்டே அறியாத இவர், பட்டறையில் மிஞ்சிய பிளைவுட் துண்டுக்கு வெள்ளை பிரைமர் அடித்து, நோட்டீஸ்களையும் படங்களையும் வெட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டி, அம்மாவின் நைந்த சுங்குடிச் சேலைத் துணியை இடையில் சேர்த்து, மேலே அக்ரிலிக் வண்ணம் தீட்டி ஒரு படம் செய்தார். இப்போது 14 படங்கள் ஆகிவிட்டன. அப்பாவின் காகிதங்கள் தீர்ந்துவிடக் கூடாதே என்று, பிந்தைய படங்களுக்கு இணையத்தில் கிடைத்த நடிகர் படங்களை அச்சிட்டு ஒட்டியிருக்கிறார். அவற்றை இன்ஸ்டாகிராமில் போட்டதும் மூன்று பேர் வந்தார்கள். ஒரு காபிக் கடைக்காரர் தன் கடைச் சுவர்களுக்கு ஒரே படத்தின் 10 பிரதிகள் கேட்டார். திருப்பூர் பனியன் நிறுவனம் ஒன்று, படத்தைச் சட்டையில் அச்சிட விலை கேட்டது. மூன்றாமவர் முகம் தெரியாத ஒருவர்: "அந்த நடிகரின் புகைப்படம் நான் எடுத்தது. மூன்று நாளில் 25,000 ரூபாய் அனுப்பாவிட்டால் போலீஸில் புகார் கொடுப்பேன்."

கொழுந்தனார், "30 சதவீதம் மாற்றிவிட்டால் யாரும் கேட்க முடியாது" என்கிறார். தோழி, "எடுத்த இடத்தின் பெயரைக் கீழே போட்டுவிடு, போதும்" என்கிறார். "அமெரிக்காவில் ஓவியர் ஆண்டி வார்ஹால் நடிகை படத்தை வைத்துத்தானே புகழ் பெற்றார், அவரை யார் கேட்டார்கள்?" என்று வாசகியே ஒரு கேள்வியும் வைத்திருக்கிறார். கடைசி வரி: "பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் எரித்துவிடலாமா?"

அன்புச் சகோதரிக்கு,

எரிக்க வேண்டாம். ஒன்றைக்கூட எரிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய வரி அதுதான் என்பதால் முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். உங்கள் 14 படங்களில் பெரும்பாலானவற்றை நீங்கள் அச்சமில்லாமல் வீட்டில் மாட்டிவைக்கலாம். சிலவற்றைத் திருத்திய பிறகு விற்கவும் செய்யலாம். இரண்டு மூன்றைப் பொதுவெளியிலிருந்து விலக்கிவைக்க வேண்டியிருக்கும். எது எந்த வகை என்று பிரிக்கக் கற்றுக்கொண்டால் பயம் தானாக விலகும்.

காகிதம் வேறு, உரிமை வேறு

உங்கள் குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது. அப்பாவின் பெட்டியில் இருந்த நோட்டீஸ் உங்களுடையது. அந்தக் காகிதத்தைக் கிழிக்கலாம், ஒட்டலாம், விற்கலாம். ஆனால் அதில் அச்சான படத்தைப் பிரதி எடுக்கும் உரிமை அந்தக் காகிதத்தோடு சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது படத்தை வரைந்தவரிடமோ, புகைப்படம் எடுத்தவரிடமோ, அவர்களுக்குப் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன தயாரிப்பாளரிடமோ இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பேசுவது இந்த உரிமையைப் பற்றித்தான்.

அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாள்வது மீறல் ஆகாது என்கிறது. கூடத்தில் மாட்டுவதற்காக நீங்கள் செய்த படம் இந்தக் குடைக்குள் வரும். இன்ஸ்டாகிராமில் போட்டதும் குடையை விட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். விலை வைத்ததும் இன்னும் சில அடி தள்ளி நிற்கிறீர்கள். 10 பிரதி அச்சிட்டால் நல்ல மழையில் நிற்கிறீர்கள். விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கும் இந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. ரசிகரின் அன்பு அந்தப் பட்டியலில் இல்லை. நல்ல நோக்கத்தோடு செய்தேன் என்பது நீதிபதியின் மனத்தைத் தொடலாம்; உரிமையைத் தந்துவிடாது.

அசல் நோட்டீஸையே ஒட்டிச் செய்த ஒற்றைப் படத்துக்கும், இணையப் படத்தை அச்சிட்டு ஒட்டியதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதில் நீங்கள் புதிய பிரதி எதையும் உருவாக்கவில்லை. ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்த ஒரு காகிதம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆபத்து குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு படைப்பை மாற்றி அடுக்கிப் பயன்படுத்துவதையும் தழுவல் என்ற சொல்லுக்குள் நம் சட்டம் சேர்த்திருக்கிறது. இரண்டாவது வகையில், அச்சுப்பொறியிலிருந்து காகிதம் வெளியே வரும்போதே பிரதி உருவாகிவிடுகிறது. உங்களுக்கு வந்த மிரட்டலும் அந்த வகைப் படத்துக்குத்தான் என்பதைக் கவனித்தீர்களா?

30 சதவீதக் கதை

உங்கள் கொழுந்தனார் சொல்லும் 30 சதவீதம் இந்தியச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. 20, 40, 70 என்று வேறு எண்களையும் என் வக்கீல் அலுவலகத்துக்கு வருபவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒன்றும் இல்லை. எவ்வளவு மாற்றினீர்கள் என்பதை நீதிமன்றம் அளவுகோல் வைத்து அளப்பதில்லை. மூலப் படைப்பின் கணிசமான பகுதி, அதன் உயிரான பகுதி, உங்கள் படத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். பலகை முழுவதும் உங்கள் கைவண்ணமாக இருந்து, நடுவில் உள்ள முகம் மட்டும் வேறொருவர் எடுத்த புகைப்படமாக இருந்தால், பார்ப்பவர் கண் போய் நிற்பது அந்த முகத்தில்தானே? தோழி சொன்னபடி பெயர் போடுவது நல்ல பண்பு. ஆனால் பெயர் போடுவது அனுமதி ஆகாது. சொல்லப்போனால், இது இன்னாருடைய படம் என்று தெரிந்தேதான் எடுத்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகவும் அது ஆகிவிடும்.

ஆண்டி வார்ஹாலையும் கேட்டார்கள், சகோதரி. நடிகை மர்லின் மன்றோ 1962 ஆகஸ்டில் இறந்ததும், படக் கம்பெனி விளம்பரத்துக்கு எடுத்திருந்த ஒரு புகைப்படத்தை வைத்து அவர் புகழ்பெற்ற வரிசையைச் செய்தார் என்பது உண்மை. ஆனால் 1964இல் ஒரு பத்திரிகையில் வந்த செம்பருத்திப் பூக்களின் புகைப்படத்தை எடுத்து அவர் செய்த மலர் ஓவியங்களுக்காக, அதை எடுத்த பெட்ரீஷியா கால்ஃபீல்ட் வழக்குப் போட்டார். வார்ஹால் சமரசம் செய்துகொள்ள வேண்டிவந்தது. பிற்காலத்தில் அவர் போலராய்டு கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு தாமே எடுத்த படங்களிலிருந்து நிறைய உருவப்படங்கள் செய்தார். அவர் மறைந்து 36 ஆண்டுகள் கழித்தும் விவகாரம் ஓயவில்லை. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் 1981இல் எடுத்த புகைப்படத்திலிருந்து வார்ஹால் செய்த ஒரு படத்தை, வார்ஹாலின் அறக்கட்டளை 2016இல் ஒரு பத்திரிகை நிறுவனத்துக்கு 10,000 டாலருக்குக் கொடுத்தது. அப்படிக் கொடுத்ததை நியாயமான பயன்பாடு என்று ஏற்க முடியாது என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சட்டம் நம்முடையதைவிடத் தாராளமானது. அங்கேயே இந்த நிலை.

பழைய படம் என்றால் பொதுச்சொத்தா?

கடிதத்தில் போகிற போக்கில், "அப்பா வைத்திருந்தவை எல்லாம் ரொம்பப் பழையவை" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நிதானம் வேண்டும். ஒரு திரைப்படத்துக்கான பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960இல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு காலம் முடிந்தது. ஆனால் அந்தப் படத்தின் போஸ்டரைக் கையால் வரைந்தாரே ஓவியர், அவருடைய ஓவியத்துக்கு அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. படம் விடுதலையாகியிருக்கலாம், போஸ்டர் விடுதலையாகாமல் இருக்கலாம். ரவி வர்மா 1906இல் மறைந்தார். அவருடைய ஓவியங்களைத் தாராளமாக எடுத்தாளலாம். நம் பக்கத்து வீடுகளில் பூஜை அறைதோறும் தொங்கிய காலண்டர் படங்களை வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜு மறைந்தது 1976இல். அவர் படங்களுக்கு 2036 முடியும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டுப் புத்தக வரிகளுக்கும் இதே கணக்குதான். கவிஞர் கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவருடைய வரிகள் 2041வரை பாதுகாப்பில் இருக்கும். பாரதியின் வரிகளுக்கோ எந்தத் தடையும் இல்லை. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களிலிருந்தும் வரிகளை எடுத்துப் பலகையில் எழுதலாம்.

உயிரோடு இருக்கும் நடிகரின் முகத்துக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. புகைப்படத்தின் உரிமை எடுத்தவருடையது என்றால், முகத்தையும் பெயரையும் வைத்து வியாபாரம் செய்யும் உரிமை அந்த நடிகருடையது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்த நம் சென்னை உயர் நீதிமன்றமே 2015இல் தடை விதித்திருக்கிறது. நீங்களே கையால் வரைந்த முகமாக இருந்தாலும் பனியனில் அச்சிட்டு விற்றால் இந்தக் கேள்வி எழும். வீட்டில் ஒரே ஒரு ஓவியம் என்றால் கலை என்று வாதாட இடம் இருக்கிறது. 500 பனியன் என்றால் என்னால் வாதாட முடியாது.

அந்த மிரட்டல் செய்தி

பயப்பட வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் என்று 63ஆம் பிரிவு சொல்கிறது. பிடியாணை இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவில் "தெரிந்தே" என்ற சொல் முக்கியம். வணிக லாபம் இல்லாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் இதுவரை ஒரு படத்தையும் விற்கவில்லை. ஆனால் இந்தச் செய்தி வந்த பிறகும் அதே படத்தை விற்றால், தெரியாது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

ஆகவே இன்றே அந்த ஒரு பதிவை மறைத்துவையுங்கள். அழிக்க வேண்டாம். அவர் அனுப்பிய செய்தி, தேதி, அவருடைய கணக்கின் பெயர் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுத்துக் கணவரின் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்ப வேண்டாம். மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதவும் வேண்டாம். இவ்வளவு போதும்: "உங்கள் செய்தி கிடைத்தது. நீங்கள் குறிப்பிட்ட பதிவை மறைத்துவைத்திருக்கிறேன். அந்தப் புகைப்படத்தின் உரிமை உங்களுடையது என்பதற்கான ஆவணத்தை அனுப்புங்கள். பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்."

ஆவணம் கேட்பதற்குக் காரணம் உண்டு. புகைப்படம் எடுத்தவர் என்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. தயாரிப்பாளர் சம்பளம் கொடுத்துப் படப்பிடிப்பில் எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளருடையது. இணையத்தில் கண்ட படத்துக்கெல்லாம் சொந்தம் கொண்டாடிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆதாரமற்ற மிரட்டலுக்கு ஆளானவர் தாமே நீதிமன்றம் போய் அதை நிறுத்தக் கோரலாம் என்று 60ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. உண்மையிலேயே அவர் உரிமையாளர் என்று தெரிந்தால், விற்காத ஒரு படத்துக்கு 25,000 என்பது அவர் சொன்ன விலை, அவ்வளவே. பேசி முடிக்கலாம்.

வக்கீலுக்குச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானக் கணக்கு எதுவும் காட்டாமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இந்த உரிமையை நம் பெண்கள் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவது எனக்குத் தீராத ஆதங்கம்.

காபிக் கடையும் பனியனும்

பனியன் நிறுவனத்துக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். காபிக் கடைக்காரருக்குச் செய்யலாம். ஆனால் நடிகர் முகம் இல்லாத படமாக இருக்கட்டும். எழுத்தில் ஒப்பந்தம் அவசியம். பத்து வரி போதும்: எத்தனை பிரதி, எங்கே மாட்டலாம், வேறு எதிலும் அச்சிடக் கூடாது, படைப்பின் உரிமை உங்களிடமே இருக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிவு செய்தால்தான் உங்கள் படத்துக்குப் பாதுகாப்பா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. நீங்கள் படைத்த நொடியிலேயே உங்கள் பங்குக்கு உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு, பின்னால் தகராறு வந்தால் கையில் ஒரு சாட்சியாக இருக்கும்.

வாங்குபவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. செய்தித்தாளும் பழைய நோட்டீஸும் மலிவான காகிதம். வெளிச்சம் பட்டால் பழுப்பேறும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படம் பசை ஈரத்தில் கலங்கும். கடையில் லேசர் பிரிண்ட் எடுத்தால் பெரும்பாலும் நிற்கும். பில்லில் "பழைய காகிதம், நாளடைவில் நிறம் மாறலாம், வெயில் படாமல் மாட்டவும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் நுகர்வோர் புகாருக்கு இடம் குறையும். மேலே வார்னிஷ் அடிப்பதை மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் தூங்கும் அறையில் வேண்டாம். சுங்குடி என்று எழுதி விற்பதானால் அது கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய துணியாக இருக்கட்டும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது.

இனி எதை ஒட்டுவது?

நடிகர் முகத்தை எடுத்துவிட்டால் மக்கள் ரசனை சார்ந்த கலையில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்குத் தோன்றலாம். மதுரையில் இருந்துகொண்டு அப்படித் தோன்ற விடாதீர்கள். டவுன்ஹால் ரோட்டின் பெயர்ப்பலகைகள், ஜிகர்தண்டாக் கடையின் கண்ணாடித் தம்ளர்கள், ஆட்டோவின் முதுகில் எழுதிய வாசகங்கள், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் பீய்ச்சும் தோல் பைகள், முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நிற்கும் ரசிகர்களின் முதுகுகள். நீங்களே போனில் எடுத்தால் புகைப்படமும் உங்களுடையது. கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளையும் வரையவும் படம் எடுக்கவும் 52ஆம் பிரிவே அனுமதிக்கிறது. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களையும் தமுக்கத்துத் தமிழன்னையையும் யாரையும் கேட்காமல் உங்கள் பலகைக்குக் கொண்டுவரலாம். வணிகச் சின்னங்களில் மட்டும் கவனம்: தீப்பெட்டி லேபிளின் அசலை ஒட்டுங்கள், அதையே பெரிதாக்கி அச்சிட்டு விற்காதீர்கள்.

சட்டத்துக்கு வெளியே ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டியில் மிச்சமிருக்கும் பாட்டுப் புத்தகங்களில் கத்திரி வைக்காதீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் நோட்டீஸ்களும்தான் இன்று சென்னையில் ஆய்வாளர்கள் தேடிப்போகும் ஒரு நூலகம். யாரோ ஒருவர் வெட்டாமல் வைத்திருந்ததால் கிடைத்தவை அவை.

கத்திரி வைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன அந்தப் பென்சில் குறிப்புகள். அந்தப் பெட்டியில் இருக்கும் ஆயிரம் காகிதங்களில், அச்சான எழுத்துக்கும் படத்துக்கும் உரிமையாளர்கள் வேறு வேறு ஆட்கள். உங்கள் அப்பா தம் கையால் எழுதியதற்கு மட்டும் அவரே ஆசிரியர். அவர் உயில் எதுவும் எழுதாமல் போயிருந்தால், அந்த எழுத்தின் உரிமை உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் காலத்தில் வெளியாகாத எழுத்து என்பதால், அதை முதலில் வெளியிடும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு அந்த உரிமை நீடிக்கும். தியேட்டர் பெயர், தேதி, கூட வந்தவர் பெயர். அவற்றை ஸ்கேன் எடுங்கள், பெரிதாக்குங்கள், சேலைத் துணியின் மேல் படியெடுங்கள், காபிக் கடைச் சுவருக்கு 10 பிரதி வேண்டுமானாலும் கொடுங்கள். கூடப் படம் பார்த்தவர்களின் பெயர்களை மட்டும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட வேண்டாம். தொடங்குவதற்கு முன் அம்மாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.